பழுத்த வெண்ணெய்

மூக்கருக்குச் சொத்து என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு மூக்குதான். பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை; வெயிலில் கிடந்த கத்தரிக்காய் மாதிரி சற்றே வதங்கி இருக்கும். ஆனால் மூடி திறக்காத புட்டியை முகர்ந்தே, உள்ளே இருக்கும் ஆலிவ் எண்ணெய் மரத்தின் எந்தப் பக்கத்துக் காயில் பிழிந்தது என்று சொல்லிவிடுவார். ஒரு முறை குங்குமப்பூவை முகர்ந்துவிட்டு, இதைப் பறித்தவளுக்கு அன்றைக்குப் பல்வலி என்றார். விசாரித்துப் பார்த்தார்கள். கடைவாய்ப் பல்.

பெண் கேட்டுப் போன அன்றும் அப்படித்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பால் அடிபிடிப்பதைச் சொல்லி அடுப்பை அணைக்க வைத்தார். வேலைவெட்டி எதையும் விசாரிக்காமல் பெண்ணைக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த மனைவியின் தம்பி ஓர் உணவகம் திறந்தான். எல்லாமே உயர்தரச் சாமான், விலையும் அதற்கேற்ற உயரம். சாமான் அறை வாசலில் மூக்கருக்கு ஒரு நாற்காலி போட்டான். சமையல்காரர் எந்தப் பொருளைத் திறந்தாலும் முதலில் அந்த நாற்காலிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். மூக்கர் கண்ணை மூடி முகர்வார். தலை ஒரு முறை தாழ்ந்தால் பொருள் சட்டிக்குப் போகும், தாழாவிட்டால் குப்பைக்கு. வாயைத் திறந்தால் வாசனை அந்த வழியாகத் தப்பிவிடும் என்பதால் வேலை நேரத்தில் அவர் பேசுவதில்லை.

எதற்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பதில் அவருக்குத் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன. மிளகுக்குக் கொடுக்கலாம், வெனிலாவுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். இளஞ்சிவப்பு உப்புக்குக் கொடுப்பவன் நிறத்தை நக்குகிறான். எல்லாவற்றுக்கும் மேலே வெண்ணெய். நல்ல வெண்ணெயை முகர்ந்தால் மாடு மேய்ந்த புல் தெரியும் என்பார். அவருக்குப் புல்லோடு, மாடு நின்ற சரிவும் தெரியும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அவருக்குச் சளி பிடித்தது. மூக்கு இரண்டு பக்கமும் சிமென்ட் பூசியதுபோல் அடைத்துக் கிடந்தது. அன்றைக்குப் பார்த்து, பாத்திரம் கழுவும் வெந்நீர்க் கொப்பரைக்குப் பின்னால், கடை திறந்த நாளிலிருந்து மறந்து கிடந்த ஒரு வெண்ணெய் டின் சமையல்காரரின் கையில் அகப்பட்டது. திறந்தார். உள்ளே காதுக் குரும்பியின் நிறம். மேலே பச்சையாக ஒரு நீர், அதன்மேல் லேசாக முளைத்த தாடி. வாந்தியெடுத்த குழந்தையை ஈரக் காலுறையால் துடைத்து, அந்தக் காலுறையை ஆட்டுக்கு மாட்டியதுபோல் ஒரு நாற்றம். சமையல்காரருக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் முறை முறைதான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, டின்னை மூக்கரிடம் நீட்டினார்.

மூக்கர் தும்மினார். தலை ஒரு முறை தாழ்ந்து நிமிர்ந்தது.

சமையல்காரர் டின்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெரியவருக்குத் தெரியாததா என்று சட்டியில் போட்டு, அதில் மீனை வறுத்தார்.

மீன் பரிமாறப் போன பிறகு, அடைத்த மூக்கை அந்த நாற்றமே அடித்துத் திறந்தது. கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு மூக்கர் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஓடினார், தட்டுகளைப் பிடுங்குவதற்கு. பிடுங்க ஒன்றும் மிச்சமில்லை. ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் முள்கரண்டியின் முதுகை நக்கிக்கொண்டிருந்தார். அவர் மோவாயில் வழிந்ததை அருகிலிருந்த அவர் மனைவி விரலால் தொட்டுத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

மச்சினன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், இன்னிக்கு வெண்ணெய்ல என்ன மாயம் பண்ணீங்க?"

"மாப்ள, அது கெட்டுப்போனது."

"கெட்டதுன்னு ஏன் சொல்றீங்க? பழுத்ததுன்னு சொல்லுங்க."

மறுநாள் உணவுப் பட்டியலில் பழுத்த வெண்ணெய் ஏறியது, இரண்டு மடங்கு விலையில். நல்ல வெண்ணெய் டின்களையெல்லாம் திறந்து கொப்பரைக்குப் பின்னால் வரிசையாக வைத்தார்கள். எது பழுத்தது, எது இன்னும் வெறும் நல்ல வெண்ணெய் என்று சொல்வது மூக்கரின் புது வேலை.

மூக்கர் முடியாது என்றார். "இதையே தினம் மோந்தா என் மூக்கு செத்துடும் மாப்ள. அது செத்துட்டா அப்புறம் நான் யாரு?"

மச்சினன் கெஞ்சினான். மச்சான் தலையாட்டாமல் சமையல்காரர் சட்டியில் எதையும் போடமாட்டார், அவரை மாற்றவும் முடியாது என்றான். வீட்டில் மனைவி வேறு, தம்பி கடையில் மண்ணள்ளிப் போடுவதற்கா உங்களுக்கு மூக்கு முளைத்தது என்று கேட்டாள். மூக்கர் நாற்காலிக்குத் திரும்பினார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையாட்டிப் பார்த்தார். சமையல்காரர் நேர்மையான மனிதர். "மூச்சு உள்ள போகாம ஆட்டுனா கணக்கில்லண்ணே" என்று டின்னை நீட்டியபடியே நின்றார்.

ஆக, இழுத்தார். ஒவ்வொரு டின்னுக்கும் இழுத்தார். இழுத்த கையோடு கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். நாற்றம் மூக்கில் நிற்காமல் தொண்டையில் இறங்கி ஏப்பமாகத் திரும்பி வந்தது. குளித்தால் சோப்பு நாறியது. உணவகத்தின் புகைபோக்கிக்கு மேலே பறந்த காக்கைகள் திசை மாறின. சாக்கடை எலிகள் குஞ்சு குளுவான்களோடு பக்கத்துத் தெருவுக்குக் குடிபோயின. மனிதர்கள் மட்டும் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள்.

மூக்கு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். நல்ல வெண்ணெயைக் கொஞ்சம் புதிதாக வாங்கி வீட்டில் ஒரு சின்ன டப்பாவில் வைத்திருப்பார். காலையில் கிளம்பும் முன் அதை முகர்வார். முதலில் புல்லும் மாடும் சரிவும் வந்தன. பிறகு சரிவைக் காணோம். பிறகு மாடு போனது. புல் மட்டும் தூரத்தில் கொஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.

ஒரு காலையில் அதுவும் இல்லை. டப்பாவுக்குள் மெழுகுவத்தி மாதிரி சவசவவென்று ஏதோ இருந்தது.

"இது போலி. கடைக்காரன் உன்னை ஏமாத்திட்டான்" என்றார் மனைவியிடம்.

"நேத்து நீங்களே பார்த்து வாங்கிட்டு வந்ததுங்க" என்றாள். தானும் முகர்ந்தாள். "நல்லாத்தானே இருக்கு?"

மூக்கருக்கு நெற்றி வேர்த்தது. துடைத்துக்கொள்ளச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். வேலையிடத்தில் இத்தனை நாளும் பொத்திக்கொண்ட கைக்குட்டை. நடுவே மஞ்சளாக இறுகி, அட்டைபோல் விறைத்திருந்தது. அது மூக்கைக் கடந்து நெற்றிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது.

புல் வந்தது. மாடு வந்தது. சரிவு முழுக்க வெயிலோடு வந்தது.

வேண்டாம் வேண்டாம் என்று அவர் எவ்வளவோ இழுத்துப் பிடித்தும், தலை ஒரு முறை தாழ்ந்து நிமிர்ந்தது.

மனைவி பார்த்துவிட்டாள். வீட்டிலிருந்த சன்னல்களையெல்லாம் திறந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இனிமே இவருக்குச் சாப்பாடு அங்கேயே போட்டுடு."