டேப்பக்காவின் வண்டி

கடுகு என்று சொன்னால் அந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. நேரில் "மெக்கானிக்கண்ணே", முதுகுக்குப் பின்னால் கடுகு. ஒர்க்‌ஷாப்புக்குள் கால் வைத்த ஐந்தாவது நிமிடம் வந்தவர் மேல் படபடவென்று பொரிந்து தள்ளுவதால் வந்த பெயர்.

கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மனுஷர் முப்பது வருஷமாக மினிவேன் மட்டும்தான் பார்க்கிறார். ஏழெட்டுப் பேர் உட்காரும் அந்த வண்டிகளை ஜனங்கள் வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரத்தான் செய்யும். இழுத்து மூடும் பக்கக் கதவு சிக்குகிறது, மோட்டார் போய்விட்டது என்று வந்து நிற்பார்கள். கதவு ஓடும் பள்ளத்தில் பார்த்தால் பிஸ்கட் தூள், பென்சில் துண்டு, காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஒருதரம் ஒரு குழந்தையின் பால்பல்லே கிடந்தது. "மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலய்யா! உங்க வீட்டுல விளக்குமாறு செத்துப்போச்சு, அதைப் போய்ப் பாருங்க!" என்று கத்துவார். எட்டு ஆளையும் கூரைமேல் நாலு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேட்டில் மிதி மிதியென்று மிதித்துவிட்டு, கியர் வழுக்குகிறது என்று வருகிறவர்கள் தனி ரகம். கியர் பாக்ஸ் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்பார். "அதை வேற மாத்தணுமா?" என்பார்கள். அதற்கப்புறம் அங்கே நிற்க முடியாது.

அவருக்கென்று ஒரு சட்டம் இருந்தது. எந்த வண்டி உள்ளே வந்தாலும், வாங்க என்று சொல்வதற்கு முன்னாலேயே பானட்டைத் தூக்கி டிப்ஸ்டிக்கை உருவிவிடுவார். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கம்பி அது. அதில் இரண்டு கோடு. ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். "ஓட்டுறவர் என்ன வேணா சொல்லட்டும், எனக்குக் கம்பி சொன்னாப் போதும்" என்பார். இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு, டேப்பக்காவின் வண்டி.

டேப்பக்காவிடம் இருந்தது நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிய சாம்பல் நிற மினிவேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஆறு மணிக்கு, சிறுநீரகம் கெட்டுப்போன ஆறு பேரை அவரவர் வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு, ஒன்றரை மணி நேரம் தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளக் கூட்டிப் போவார். மத்தியானம் துவண்டுபோய் வருகிறவர்களை மறுபடி வாசலிலேயே இறக்கி விடுவார். பதினோரு வருஷத்தில் அந்த வண்டி ஒரு நாள்கூட வழியில் நின்றதில்லை.

அந்தப் பெயர் வந்தது வெள்ளை டேப்பால். பானட்டைத் திறந்தால் பேட்டரி மேல் ஒரு துண்டு, ஆயில் ஃபில்டர் மேல் ஒன்று, கூலன்ட் டப்பா மேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர், பார்த்தது யார் என்று பேனாவால் எழுதியிருக்கும். பக்கக் கதவின் பள்ளத்தை வாரம் ஒருமுறை பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்வார். அந்தக் கதவை ஒரு விரலால் மூடலாம். கடுகு மற்ற வாடிக்கையாளர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டுவார். "பாருய்யா, நல்லாக் கண்ணைத் தொறந்து பாரு! வண்டி வெச்சிருக்கறதுன்னா இது! நீ வெச்சிருக்கறது நாலு சக்கரம் போட்ட குப்பைத்தொட்டி!" அந்த வண்டியில் கம்பியை உருவிப் பார்ப்பதே டேப்பக்காவுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் நினைத்தார்.

அப்படிப்பட்ட வண்டி ஒரு புதன்கிழமை மத்தியானம், தெருவே தெரியாத அளவுக்கு நீலப் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றது.

ஓட்டி வந்தது டேப்பக்காவின் நாத்தனார். புகையைப் பார்த்துப் பயந்துபோய், வழியில் வீட்டிலிருந்து டேப்பக்காவையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் டேப்பக்கா மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டிருந்தார். கையில் இன்னும் மாவுக்கட்டு இருந்தது. அன்றிலிருந்து நாத்தனார்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "அண்ணி, நீங்க பானட்டைத் தொட்டீங்கன்னா நான் சாவியைத் தொடமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மற்றவர்களையெல்லாம் வீட்டில் இறக்கியாயிற்று. முன் சீட்டில் ரிட்டயர் ஆன தபால்காரர் மட்டும் மடியில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். அவர் வீடு ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த தெரு.

கடுகு இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். தடதடவென்று அடித்தது. ஆயில் விளக்கு மினுக் மினுக் என்றது. காற்று போகும் குழாயைக் கழற்றி விரலை விட்டார். விரலெல்லாம் ஆயில். மீட்டரில் நாலு லட்சம்.

"ஆயில் ஏதாவது ஊத்தினீங்களா?"

"இல்லண்ணே. நான் பின்னாடி பெட்டியில ஆறு டப்பா வெச்சிருந்தேன். ஆறும் அப்படியே இருக்கு" என்றார் டேப்பக்கா.

கடுகு விரலைத் துணியில் துடைத்தார். "தங்கச்சி, உன்கிட்டப் பொய் சொல்ல எனக்கு வாய் வரல. பிஸ்டன் ரிங் தேஞ்சிருச்சு. இன்ஜின் முடிஞ்சுபோச்சு. நாளைக்கு எறக்கிப் பாக்கறேன், ஆனா நம்பிக்கை வெச்சுக்காதே. வேற இன்ஜின் கெடைக்க ரெண்டு மாசம் ஆகும்."

முன் சீட்டிலிருந்து தபால்காரர் பேசினார்.

"அப்பச் சரிம்மா. நான் இத்தோட நிறுத்திக்கறேன்."

"எதை?"

"ஆஸ்பத்திரி போறதை. ரெண்டு பஸ் மாறிப் போயிட்டு வர ஒடம்பு எனக்கு இல்ல. இந்த வண்டி வர்றதுக்கு முன்னாடி ஒருதரம் போனப்பவே பஸ் ஸ்டாண்டுல விழுந்துட்டேன். போதும்மா, நல்லாத்தான் இருந்துட்டேன்." கடுதாசி ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவர் மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். இரண்டு வாரம் போகாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும்.

"அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார் டேப்பக்கா.

வியாழக்கிழமை காலை கடுகு வண்டியைத் தூக்கி நிறுத்தினார். இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் ஆயிலை வடிக்க வேண்டும். அந்த வண்டி பிடிப்பது நாலரை லிட்டர். அவர் வைத்திருந்த தட்டு ஐந்து லிட்டர். கீழே தட்டை வைத்து, போல்ட்டைத் திருகிக் கழற்றிவிட்டு, கை துடைக்கத் துணி எடுக்கப் போனார். திரும்பி வந்தால் தட்டு விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வழிந்து தரையில் ஓடி அவர் செருப்பை நனைத்தது. ஆயில் இன்னும் வந்துகொண்டே இருந்தது.

"அட பாவி!" என்றார். வேறு யாரையும் இல்லை, தன்னைத்தான்.

அளந்தால் ஏழு லிட்டர். இரண்டரை லிட்டர் அதிகம்! ஆயில் குறைந்தால் இன்ஜின் சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் அதே கதிதான். உள்ளே சுழலும் தண்டு அத்தனை ஆயிலையும் அடித்து நுரையாக்கிவிடும். நுரை காற்றுக் குழாய்க்குள் ஏறிப் புகையாக வரும், சத்தம் வரும், விளக்கு எரியும். ரிங்கும் தேயவில்லை, ஒரு மண்ணும் தேயவில்லை. கம்பியை ஒரே ஒருதரம் உருவியிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும். முப்பது வருஷமாக ஊரையே திட்டித் தீர்த்த வாய், அந்தத் தபால்காரரிடம் சாவோலை மாதிரி ஒன்றை வாசித்துவிட்டது.

கடுகு டேப்பக்காவுக்குப் போன் போட்டார். அரை மணியில் டேப்பக்காவும் நாத்தனாரும் வந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து தபால்காரரும், அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு இன்னொரு பயணியான கணக்கு வாத்தியாரும் வந்தார்கள். கடுகு ஆயில் தட்டைக் காட்டினார்.

"பெட்டியில ஆறு டப்பாவும் அப்படியே இருக்கே? அப்ப இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார் டேப்பக்கா.

நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அண்ணி, நான் ரெண்டு டப்பா ஊத்தினேன். வீட்டுக்கு வந்து வண்டிய நிறுத்தினதும் கம்பியைப் பாத்தேன், கீழ் கோட்டுக்கும் கீழ இருந்துச்சு. உங்க டப்பாவ எடுத்தா நீங்க கவலைப்படுவீங்கன்னு கடையில புதுசா வாங்கினேன். நேத்து அண்ணன் கேட்டப்ப உங்க முன்னாடி சொல்லப் பயமா இருந்துச்சு."

தபால்காரர் இருமினார். "நானும் ஒண்ணு ஊத்தினேம்மா. ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நின்னதும் இந்தப் பொண்ணு சீட்டு போட உள்ள போயிரும். அப்பப் பாத்தேன், கொறைச்சலா இருந்துச்சு. பதினோரு வருஷம் எங்களைச் சுமந்த வண்டியாச்சே, நீ இல்லாத நேரத்துல நாங்க பாத்துக்க வேண்டாமா?"

"வாத்தியாரே, நீங்க?" என்றார் கடுகு.

"ரெண்டு" என்றார் வாத்தியார். "வர்ற வழியில டீக்கடையில நிறுத்துவோம்ல, அங்க."

"மொத்தம் அஞ்சு டப்பா, டப்பாவுக்கு அரை லிட்டர், ரெண்டரை! கணக்கு வாத்தியார் இருந்தும் கூட்டிப் பாக்க ஆள் இல்லாமப் போச்சே!"

"ஒருத்தர் ஊத்தினது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சாத்தானே கூட்ட முடியும்?" என்றார் வாத்தியார் பரிதாபமாக.

கடுகு பொரிய வாயெடுத்தார். பொரிய முடியவில்லை. ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய கையை வைத்துக்கொண்டு, நிற்கத் தெம்பில்லாத ஒரு மனுஷர், யாருக்கும் தெரியாமல் பானட்டைத் தூக்கியிருக்கிறார். இப்படி ஒரு வண்டியை, இப்படி ஒரு கூட்டத்தை கடுகு தன் ஆயுசில் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஆயில் கையோடு.

"மூணு பேரும் செஞ்ச தப்பு ஒண்ணுதான்" என்றார். "வண்டிய நிறுத்தின ஒடனே பாத்திருக்கீங்க. ஓடிட்டிருந்த ஆயில்ல கொஞ்சம் இன்ஜினுக்குள்ள மேலேயே நிக்கும், கீழ எறங்கப் பத்து நிமிஷம் ஆகும். அதுக்குள்ள பாத்தா எல்லா வண்டியிலயும் கொறைச்சலாத்தான் காட்டும்."

டேப்பக்கா தலையில் அடித்துக்கொண்டார், கட்டுப்போடாத கையால். "தப்பு என்னோடதுண்ணே. ஆயில் கொறைஞ்சா வண்டி செத்துரும்னு நூறு தடவை சொன்னேன். பத்து நிமிஷம் பொறுக்கணும்னு சொல்லவே இல்ல. நான் காலையில வண்டிய எடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துருவேன். பொறுக்கற வேலையே எனக்கு இருந்ததில்ல, அதான் சொல்லத் தோணல."

"உன் தப்பெல்லாம் ஒரு தப்பா? என் தப்பைக் கேளு தங்கச்சி." கடுகு நிமிர்ந்து நின்றார். "நேத்து நான் கம்பியை உருவவே இல்ல. நேத்து மட்டும் இல்ல, பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட உன் வண்டியில உருவினதில்ல. உன் வண்டியாச்சேன்னு விட்டுட்டேன்."

டேப்பக்கா மாவுக்கட்டுக் கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். "அண்ணே, அவ்வளவு மரியாதை எனக்கு வேண்டாம். ஆறு உசுரு இதுல போகுது. இனிமே மத்த வண்டிய விட என் வண்டியத்தான் அதிகமாச் சந்தேகப்படணும்."

"சரிம்மா" என்றார் கடுகு. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு அடக்கமான சொல் வந்ததை அந்த ஒர்க்‌ஷாப் கேட்டதே இல்லை.

அன்று பூராவும் வேறு வண்டி எதையும் அவர் தொடவில்லை. காற்றுக் குழாயைக் கழுவினார், ப்ளக்குகளைத் துடைத்தார், புது ஃபில்டர் போட்டார், நாலரை லிட்டர் அளந்து ஊற்றினார். சாயங்காலம் சாவியைத் திருப்பினார். முதலில் கொஞ்சம் மிச்சப் புகை வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. தடதடப்பு போய், நாலு லட்சம் ஓடிய இன்ஜின் தையல் மெஷின் மாதிரி ஓடியது. அதை அணைக்க மனசில்லாமல் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தானே ஓட்டிப் போய் டேப்பக்கா வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் டேப்பக்கா வீட்டு வாசலில் கடுகு நின்றார். அவருக்கு முன்னால் தபால்காரர் வந்து, முன் சீட்டில் போர்வையோடு, பெல்ட் போட்டுக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். "நான் இன்னிக்கு ஊத்தல!" என்று உள்ளிருந்தே சத்தம் போட்டார்.

ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த இன்ஜினில் கடுகு கம்பியை உருவினார். துடைத்தார், விட்டார், மறுபடி உருவினார். ஆயில் இரண்டு கோட்டுக்கும் சரியாக நடுவில் நின்றது. அதை டேப்பக்காவுக்கும் நாத்தனாருக்கும் காட்டிவிட்டு, தபால்காரருக்கும் ஜன்னல் வழியே நீட்டிக் காட்டினார்.

டேப்பக்கா இடது கையால் டேப் சுருளை நீட்டினார். "நீங்களே எழுதுங்கண்ணே, எனக்குத்தான் கை இல்லையே."

கடுகு ஒரு துண்டைக் கிழித்துக் கம்பியின் பிடியில் சுற்றினார். "பத்து நிமிஷம் பொறு" என்று எழுதினார். தேதி எழுதினார், கிலோமீட்டர் எழுதினார். பார்த்தது யார் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு நிதானமாக எழுதி, பானட்டை மூடி, வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றது. தபால்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம் பொறுத்து, நாத்தனாரைப் பானட்டைத் திறக்கச் சொன்னார். பிடியில் இருந்ததை இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள். பார்த்தது: கடுகு.