மொண்ணப்பாவின் இரட்டைக்குழல்

மழைக்காலத்தில் முதுகு வலித்தாலும் என் வீட்டுக்காரர் மொண்ணப்பா கம்பளி கேட்க மாட்டார். வீட்டில் இருக்கும் ஒரே நல்ல கம்பளி என்னுடையது. அதை ஏற்கெனவே துப்பாக்கிக்குச் சுற்றிவிட்டிருப்பார். "ஈரம் பட்டா துருப்பிடிச்சிடும், தேச்சவ்வா" என்பார். நான் துருப்பிடித்தால் கேட்க நாதியில்லை.

என் மாமனார் காலத்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி அது. கட்டையில் காட்டுப்பன்றி கடித்த தழும்பு, அதன்மேல் செம்புக்கம்பிக் கட்டு. ஆயுதங்களுக்குப் பூசை போடும் கைல்போது பண்டிகை அன்று துப்பாக்கிக்குச் சந்தனம் பூசிச் செங்காந்தள் பூ வைப்பது குடகில் எல்லா வீட்டிலும் உண்டு. இவருக்கு வருஷம் முழுக்கக் கைல்போதுதான். வேட்டை நின்று எவ்வளவோ காலமாகியும், காலையில் காபிக்கு முன்னால் அதற்கு எண்ணெய் போட்டாக வேண்டும். எனக்கு வாய்த்த சக்களத்தி.

அந்தச் சக்களத்திக்கு ஒரு வியாதி. ஒரு விசையை இழுத்தால் இரண்டு குழலும் வெடிக்கும். எங்கள் ஊரில் ஒரு வெடி கேட்டால் ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது, இரண்டு கேட்டால் சாவு. என் மகன் போபண்ணா பிறந்த அன்று இவர் போய்ச் சுட்டார். ஊரே சாவுக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு வந்துவிட்டது. பச்சை உடம்போடு படுத்திருந்த என்னைப் பார்த்து ஒருத்தி, "அட, மூச்சு இருக்கே" என்றாள்.

இப்போது மருமகள் மாசமாக இருந்தாள்.

"பேரப்பிள்ளைக்குப் போபண்ணாவோட புதுத் துப்பாக்கியில சுடுங்க" என்றேன்.

"நான் பொறந்தப்போ எங்கப்பா சுட்டது இதுலதான்."

"பிள்ளை பெத்தவளுக்கு நீங்க பாடை கட்டப் பார்த்ததும் இதுலதான்."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. கடைசியில் நடுக்கூடத்துத் தூக்குவிளக்கின் முன்னால் நின்று சத்தியம் செய்தார். ஒரு வெடியோடு நின்றால் துப்பாக்கி வீட்டில் இருக்கும். இரண்டு வெடித்தால் உத்தையாவுக்குப் போய்விடும். அந்தப் பெயரைச் சொன்னவள் நான்தான். உத்தையா இவருடைய சித்தப்பா மகன், வயலுக்கு அந்தப் பக்கம் வீடு. துப்பாக்கி தனக்கு வந்திருக்க வேண்டியது என்று சண்டை போட்டுப் பல வருஷமாக எங்கள் முற்றம் மிதிக்காதவர்.

"அவனுக்கா?" என்றார். குரல் உள்ளே போய்விட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

மடிகேரி ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பெண் குழந்தை.

"பொண்ணுக்குச் சுடற வழக்கம் இல்லையே" என்றேன் நிம்மதியாக.

"எம் பேத்திக்கு உண்டு" என்று முற்றத்தில் இறங்கினார்.

ஒரு குழலில் மட்டும் தோட்டா போட்டார். இவ்வளவு புத்தி இருக்கிறதே என்று நினைத்தேன். விசையை இழுத்தார். டக்கென்றதோடு சரி. மழையில் ஊறிய தோட்டா. பிடுங்கப் பார்த்தார், உப்பி மாட்டிக்கொண்டிருந்தது.

"விட்டுடுங்க" என்றேன்.

கேட்டால்தானே? அடுத்த குழலிலும் ஒன்று போட்டு வானத்தைப் பார்த்துச் சுட்டார். டம் என்றது, ஒரே வெடி. முகமெல்லாம் பல்லாக, "பாத்தியா?" என்று வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஊறிய தோட்டாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னொரு டம். நல்லவேளை, குழலை இன்னும் கீழே இறக்கவில்லை.

முதலில் ஓடிவந்தது உத்தையா. காலில் செருப்பு இல்லை, முழங்கால்வரை சேறு. "அண்ணா, போயிட்டியா அண்ணா" என்று அழுதுகொண்டே முற்றத்தில் ஏறியவர், எதிரே அண்ணன் நிற்பதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"யாரு செத்தது?"

"யாருமில்ல. பேத்தி பொறந்திருக்கா."

"வெக்கமா இல்ல உனக்கு? நாத்தையெல்லாம் மிதிச்சுக்கிட்டு ஓடியாறேன்."

"யார் நாத்தை?"

"உன் நாத்தைத்தான்."

இவர் அதற்குச் சண்டை போடவில்லை. துப்பாக்கியை இரண்டு கையாலும் நீட்டினார்.

"விளக்கு முன்னால சொல்லிட்டேன் உத்தையா. ரெண்டு வெடிச்சா உனக்குன்னு. எடுத்துக்க. தினமும் எண்ணெய் போடணும். மழைக்குக் கம்பளி வேணும் அதுக்கு."

நான் உள்ளே போய் என் கம்பளியை எடுத்துவந்தேன்.

உத்தையா வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பன்றி கடித்த தழும்பைத் தடவினார். மூக்கைச் சிந்தினார். பிறகு எழுந்து திருப்பி நீட்டினார்.

"இப்ப எனக்கு எதுக்கு? நீ போற அன்னிக்கு ரெண்டு வெடி வேணும்ல. தவறாம ரெண்டு வெடிக்கிறது ஊர்லயே இது ஒண்ணுதான். அன்னிக்கு வந்து நானே சுட்டுட்டு, நானே எடுத்துக்கறேன். அதுவரைக்கும் நீ எண்ணெய் போடு."

"நீ முந்திக்கிட்டா?"

"அப்ப நீ சுடு."

வரப்பில் வெள்ளை உடுத்திய ஊர்க்காரர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் காபி வைக்க வேண்டும். உள்ளே போகும்போது தூக்குவிளக்கின் முன்னால் நின்று, அந்த இரண்டு வெடி என் காதில் விழவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். பிறகு திரும்பி வந்து, அவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, கம்பளியை நானே சுற்றினேன்.