காலி கார்டு

வீடியோ எடுப்பவரை ஊரில் எல்லோரும் முக்காலி என்றுதான் கூப்பிடுவார்கள். கேமரா ஸ்டாண்டைத் தோளில் போடாமல் அவர் காய்கறி வாங்கக்கூடப் போனதில்லை. அவர் கைக்குப் பழைய, ஆனால் பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் ரகக் கேமரா ஒன்று வந்து சேர்ந்தது. விலை சல்லிசு. ஏன் சல்லிசு என்பது அதற்குக் கார்டு வாங்கப் போனபோது தெரிந்தது.

மெமரி கார்டு கடை வைத்திருந்தவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. உறவுக்காரனிடம் பேரம் பேசக் கூடாது என்று இருவருமே சொல்லிக்கொள்வார்கள், சொல்லிவிட்டுப் பேசுவார்கள்.

"இந்தக் கேமராவுக்குன்னு கம்பெனி போட்ட கார்டு இது, மாமா" என்று மைத்துனன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். விலைச் சீட்டைப் பார்த்த முக்காலி அதைத் தொடாமலே திருப்பித் தள்ளினார்.

"நான் கேட்டது கார்டு, மாப்ள. கடையோட பத்திரத்தக் கேக்கல."

"அப்ப ஏழைக்கு ஏத்தது இருக்கு." மைத்துனன் ஒரு அடாப்டரை எடுத்தான். பெரிய கார்டின் அளவில் வெறும் கூடு. அதன் வாயில் கட்டைவிரல் நகம் அளவுள்ள சாதாரணக் கார்டைச் செருகினால், கேமரா அதைப் பெரிய கார்டு என்று நம்பிவிடும். "கூடு ஒண்ணு, குட்டிக் கார்டு ரெண்டு. ஸ்லோமோஷன் மட்டும் எடுக்க முடியாது. அந்த வேகத்துக்குக் குட்டிக் கார்டு மூச்சு வாங்கும்."

"மெதுவா விழணும்னா விழறவங்ககிட்ட சொல்லிக்கறேன்."

"இன்னொண்ணு. அழிக்கறதா இருந்தா கேமராவுலயே அழிங்க. லேப்டாப்ல அழிச்சா இந்தக் கூடு முறுக்கிக்கும், கார்டை ஏத்துக்காது."

"உங்க குடும்பத்துக்கே அந்தக் குணம் உண்டு" என்று சொல்லி, முக்காலி மூன்றையும் வாங்கிக்கொண்டார்.

முதல் பெரிய வேலை கட்டடம் இடிக்கும் காண்ட்ராக்டரிடமிருந்து வந்தது. மூடிப்போன செங்கல் ஆலையின் புகைபோக்கியை வெடி வைத்துச் சாய்க்க வேண்டும். தரையில் போட்ட வெள்ளைக் கோட்டுக்குள் அது விழுந்தது என்பதற்கு வீடியோதான் சாட்சி. அது இல்லாவிட்டால் சுற்றியுள்ள ஒவ்வொரு சுவரின் பழைய விரிசலும் காண்ட்ராக்டர் தலையில் விழும். "சரியா எடுத்துட்டா இனிமே என் வேலை எல்லாம் உங்களுக்குத்தான்" என்று காண்ட்ராக்டர் சொன்னார். சரியாக எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. புகைபோக்கியை இன்னொரு தடவை விழச் சொல்ல முடியாது என்பது முக்காலிக்கே தெரியும்.

மனைவி எல்லைக் கயிற்றுக்கு வெளியே வேனில் லேப்டாப்போடு உட்கார்ந்தாள். கார்டிலிருப்பதைக் காப்பி எடுப்பதும், அடுத்த கார்டைத் தயார் செய்து தருவதும் அவள் பொறுப்பு. காலியான கார்டாக இருந்தாலும் பேருக்கு ஒரு தடவை அழித்துவிட்டுத்தான் தருவாள். சமைக்கும் முன் கழுவின பாத்திரத்தையும் ஒரு தடவை கழுவுகிறவள். முந்தைய கேமராவில் வந்த பழக்கம்; இந்தக் கூட்டைப் பற்றித் தம்பி சொன்னதை முக்காலி அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

முக்காலி இரண்டு கார்டுகளோடு எதிர் மொட்டைமாடியில் நின்றார். பத்து மணிக்கு என்றார்கள். பிறகு பத்தரை, பிறகு பதினொன்று. எந்த நொடியில் விழுமோ என்று அவர் கேமராவை நிறுத்தவே இல்லை. முதல் கார்டு நிறைந்து, இரண்டாவதைச் செருகினார். அதுவும் நிறையப் போகும் நேரத்தில் புகைபோக்கி இடுப்பை ஒடித்து, கோட்டுக்கு நடுவில், அளந்து வைத்தாற்போல் படுத்தது.

"தூசி அடங்கறதுக்குள்ள என்னையும் ஒரு ஷாட் எடுங்க!" என்று கீழிருந்து காண்ட்ராக்டர் கத்தினார்.

முக்காலி மூச்சிரைக்க வேனுக்கு ஓடி வந்து, ஜன்னல் வழியாக இரண்டு கார்டையும் நீட்டினார். முதல் கார்டைக் காட்டி, "இதுல காலைல எடுத்தது" என்றார்.

"அப்ப இது காலியா?" என்று அவள் மற்றதைக் காட்டினாள்.

அவர் கண் காண்ட்ராக்டர் மேல் இருந்தது. "காலி, காலி. சீக்கிரம் குடு."

அவள் இரண்டாவது கார்டை லேப்டாப்பில் செருகி, ஒரு தட்டுத் தட்டி, உடனே திருப்பிக் கொடுத்தாள். அவர் அதைக் கேமராவில் போட்டார். கார்டு சரியில்லை என்று கேமரா சிவப்பில் எழுதியது. எடுத்துப் போட்டார். மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் அவருக்கு வேறொரு சந்தேகம் வந்தது.

"இதை அதுக்குள்ள எப்படிக் காப்பி பண்ணின?"

"காலிக் கார்டுல என்னங்க காப்பி? அழிச்சுக் குடுத்தேன்."

"காலின்னு சொன்னேனே!"

"அதான் நானும் சொல்றேன்!"

"காலின்னா... தீர்ந்துபோச்சுடி! இடமே இல்ல, கார்டு காலி!"

"காலின்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம்! கேஸ் சிலிண்டரு காலின்னா அது ரொம்பியா இருக்கும்?"

இலக்கணத்துக்கு நேரமில்லை. அவள் இறங்கி, காண்ட்ராக்டரைத் தன் போனில் எடுத்தாள். முக்காலி கார்டைக் கைக்குட்டையில் சுருட்டி, சட்டைப்பையை அழுத்திப் பிடித்தபடி மைத்துனன் கடைக்கு வேனை விரட்டினார்.

"அழிச்சதுக்கு அப்புறம் இதுல ஏதாவது எடுத்தீங்களா?" என்றான் மைத்துனன்.

"எடுக்கத்தான் பாத்தேன். உன் பாழாப்போன கூடு ஏத்துக்கல."

"யாரு அழிச்சா, கேமராவா லேப்டாப்பா?"

"உங்க அக்கா. லேப்டாப்."

மைத்துனன் முதல்முறையாகச் சிரித்தான். "அப்ப உள்ள எல்லாம் அப்படியே கிடக்கும், மாமா. எது எங்க இருக்குங்கற அட்டவணை மட்டும்தான் போயிருக்கு. மேல புதுசா எழுதியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். என் பாழாப்போன கூட்டுக்கு ஒரு கும்பிடு போடுங்க."

முக்காலி போடவில்லை. ஆனால் கடையில் மீட்பு வேலை நடந்த இரண்டு மணி நேரமும் எதற்கும் விலை கேட்காமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில் திரையில் புகைபோக்கி மறுபடி எழுந்து நின்று, மறுபடி கோட்டுக்குள் விழுந்தது. மூன்று தடவை விழ வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

காண்ட்ராக்டருக்கு எதுவும் தெரியாது. அடுத்த மாதமே ஒரு ஐந்து மாடிக் கட்டடத்துக்குக் கூப்பிட்டார். வெடிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, மேஸ்திரியிடம் அவர் வாக்கிடாக்கியில் கேட்டது வேனுக்கும் கேட்டது.

"கட்டடம் காலியா?"

முக்காலியின் மனைவி லேப்டாப்பை அப்படியே சீட்டில் போட்டுவிட்டு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினாள்.

"அண்ணே! உள்ள ஆள் இருக்கா இல்லையான்னு கேளுங்கண்ணே!"