முதல் மாடி வரைக்கும்

வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியதும் அப்பாவின் தலை மறுபடியும் வலப்பக்கம் சாய்ந்தது. மகள் இரண்டு கைகளாலும் பிடித்து நேராக வைத்தாள். ஆஸ்பத்திரியில் சுற்றிவிட்ட கட்டு ஒரு பக்கம் மட்டும் தடித்திருந்தது. விட்டால் சாய்ந்துவிடும். கிளம்பியதிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. அது சாயும், அவள் நிமிர்த்துவாள்.

அப்பாவின் கால்மாட்டில் ஒட்டகம் உட்கார்ந்திருந்தார். நெட்டை உடம்பு, முன்னால் நீண்ட கழுத்து. கட்டட வேலையில் யாருக்கும் அவருடைய சொந்தப் பெயர் ஞாபகமில்லை. அப்பாவும் அவரும் இருபது வருஷமாகச் செங்கல் சுமந்த ஜோடி. ஒருவர் தலைக்கு ஒருவர் ஏற்றி விடுவார்கள்.

"எத்தனாவது மாடியிலேர்ந்து விழுந்துச்சு மாமா?"

"என்னம்மா?"

"செங்கல்லு. எத்தனாவது மாடி?"

ஒட்டகம் ஜன்னல் பக்கம் திரும்பினார். "மூணாவது" என்றார்.

மூன்றாவது என்றால் பத்து மீட்டர் இருக்கும். முழுச் செங்கல், மூன்று கிலோ. எந்தத் தொப்பியும் தாங்காது. கணக்கு தானாக ஓடித் தானாக நின்றது. அழுகை வரவில்லை. அப்பாவின் காதோரம் இறுகியிருந்த அவள் விரல்கள் மட்டும் கொஞ்சம் தளர்ந்தன.

தலைக்கவசம் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு வடிவமைப்பு வேலை. அங்கே ஒரு இரும்புத் தலை உண்டு. கண், மூக்கு கிடையாது. அதற்குக் கவசத்தை மாட்டி, மேலிருந்து எடையைப் போட்டு, உள்ளே எவ்வளவு அடி இறங்குகிறது என்று பார்ப்பாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அந்தத் தலையைத் தூக்கி வைப்பாள்.

அப்பாவின் வேலையிடத்திலும் தொப்பி கொடுத்திருந்தார்கள். உச்சி உருண்டையாக இருக்கும். அதன்மேல் செங்கல் பலகை நிற்காது, வழுக்கும். அதனால் அதிகாரி வரும் நாளில் மட்டும் அது தலைக்கு ஏறும். மற்ற நாளில் சிமெண்டுக்குத் தண்ணீர் மொள்ளும். "தலையக் காப்பாத்துறேன்னு கழுத்த ஒடிக்கிற சாமான்" என்பார் அப்பா. அவருக்குச் சும்மாடு போதும். துணியை முறுக்கி வளையமாக்கித் தலைக்கும் சுமைக்கும் நடுவில் வைத்தால் பலகை அசையாது.

அந்தச் சும்மாட்டைத்தான் அவள் தொப்பியாக்கினாள். உச்சியைத் தட்டையாக்கி மேலே ஒரு ரப்பர் வளையம், உள்ளே இரண்டு விரல் தடிமனுக்கு நுரை. முதல் மாடியிலிருந்து ஒரு செங்கல் விழுந்தாலும் தாங்கும், அதற்கு மேல் தாங்காது என்று சொல்லியிருந்தாள். நான்கு தடவை அப்பா குறை சொன்னார், நான்கு தடவை மாற்றினாள். ஐந்தாவதைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு செங்கல்லோடு ஏணி ஏறி இறங்கியவர் அதைக் கழற்றவே இல்லை. வேலையிடம் முழுக்க அதே பேச்சு. "முதல் மாடி வரைக்கும் என் மக பொறுப்பு. அதுக்கு மேல கடவுள் பொறுப்பு. ரெண்டு பேரும் பேசி வச்சுருக்காங்க."

மூன்று மாதம் கழித்து, முந்தாநாள் அவள் அதைத் திரும்பக் கேட்டாள்.

"சுமை ஏறி ஏறி நுரை அமுங்கியிருக்கும்ப்பா. இன்னும் அடி தாங்குதான்னு போட்டுப் பாக்கணும். புதுசு ஒண்ணு தயாரா இருக்கு, நீ கேட்ட மாதிரி செவப்பு. சாயம் காய ரெண்டு நாளாவும்."

"அப்ப ரெண்டு நாளைக்கு முதல் மாடியும் கடவுள் பொறுப்புலதானா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். சாயம் பூசாமலே கொடுத்திருக்கலாம். கோடும் ஒட்டுமாக, சாம்பல் நிறத்தில் அழுக்குப் போல இருந்ததை அப்பாவின் தலையில் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

இன்று காலை பழைய தொப்பியை இரும்புத் தலைக்கு மாட்டி, முதல் மாடியிலிருந்து ஒரு செங்கல் விழுந்தால் எவ்வளவோ அந்த அளவுக்கு எடையைப் போட்டாள். நோட்டில் 'தாங்கியது' என்று எழுதிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். நாலு பேர் தூக்கிக்கொண்டு வர, "குனிஞ்சு வாங்க, நிலை தட்டும்" என்றாள். தினமும் சாயங்காலம் அப்பாவிடம் சொல்வது. சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெஞ்சில் கிடத்தினார்கள். தலை சாய்ந்தது. மகள் தலைமாட்டில் உட்கார்ந்து நிமிர்த்தினாள். யாரோ ஒரு துண்டை மடித்துக் கொடுத்தார்கள். அதுவும் நழுவியது.

"காலையில பழைய துணியச் சுத்திக்கிட்டு கெளம்புனாரு" என்று அம்மா பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "தொப்பி எங்கன்னு கேட்டேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு."

"அண்ணனுக்கு எப்பவும் வீம்புதான்" என்றார் லாரி ஓட்டும் சித்தப்பா. "பெத்த பொண்ணு செஞ்சு குடுத்தும் போடல பாரு. நல்ல சொல்லு அவரு தலையில ஏறுமா? செங்கல்லுதான் ஏறும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். சித்தப்பா வெளியே போய் வண்டிக்காரரிடம் சம்பந்தமில்லாமல் டயரைப் பற்றிக் கேட்டார்.

கட்டட மேற்பார்வையாளர் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஷூவைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டு, கழற்றாமல் நிலைப்படியிலேயே நின்றார். கையில் ஒரு காகிதம்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். இன்னிக்கே மேல அனுப்பணும். வீட்டாள் ஒருத்தர் கையெழுத்துப் போட்டாப் போதும்."

மகள் ஒரு கையால் தலையைப் பிடித்தபடி மறு கையால் வாங்கிப் படித்தாள். 'வழங்கப்பட்ட தலைக்கவசத்தை அணியாமல், தமது சொந்தக் கவனக்குறைவினால், முதல் மாடியிலிருந்து தவறி விழுந்த செங்கல் தாக்கி...'

முதல் மாடி. இன்னொரு தடவை படித்தாள். அதேதான் எழுதியிருந்தது.

அவள் ஒட்டகத்தைப் பார்த்தாள். அவர் தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எதுக்குக் கேக்குறேன்னு தெரிஞ்சுதும்மா" என்றார் மெல்ல. "அவன்தான் சொல்லிக்கிட்டே திரிவானே, முதல் மாடி வரைக்கும்னு. நெசத்தச் சொல்ல எனக்கு வாய் வரல."

"போட்டுக் குடும்மா" என்றார் உள்ளே வந்த சித்தப்பா. "தொப்பி போடலங்கறது நெசந்தானே."

போட்டுவிடலாம். போட்டால் தொப்பி எங்கே போயிற்று என்று யாரும் கேட்கப் போவதில்லை. அப்பா வீம்புக்காரராக இருந்துவிட்டுப் போவார். செத்தவர் வந்து மறுக்கவா போகிறார்? மேற்பார்வையாளர் மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினார். காகிதம் மடியில் கிடக்க, அவள் கை பேனாவை வாங்கவும் செய்தது.

"அப்பா தொப்பி போடுவாரு" என்றாள். சாமான் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஏற்ற இறக்கமில்லாமல் வந்தது குரல். "மூணு மாசமா ஒரு நாள் விட்டதில்ல. முந்தாநாள் நான்தான் வாங்கிட்டுப் போனேன். புதுசு இருந்துச்சு. சாயம் காயட்டும்னு நான்தான் குடுக்கல."



"அது நாங்க வழங்குன தொப்பி இல்லையேம்மா" என்றார் மேற்பார்வையாளர். "அதெல்லாம் இதுல எழுத வராது."

"அப்ப என் கையெழுத்தும் வராது. அவரு மேல கவனக்குறைவுன்னு நான் எழுதித் தர மாட்டேன்."

"மாடி ஓரத்துல தடுப்புப் பலகை அடிங்கன்னு ஒரு மாசமாக் கேட்டோமே சார்" என்று ஒட்டகம் எழுந்தார். எழுந்த வேகத்தில் தலை விட்டத்தில் இடித்தது. தடவிக்கூடப் பார்க்கவில்லை. "அது அந்தக் காயிதத்துல வருமா?"

மேற்பார்வையாளர் காகிதத்தை வாங்கி நான்காக மடித்தார். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பேனா அவள் கையிலேயே இருந்தது.

அம்மா மகளைப் பார்த்தாள்.

"அது இருந்தா தாங்கியிருக்குமா?"

"தாங்கியிருக்கும்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். தகரப்பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி பின்னால் போகப் பார்த்தவள் நின்றுவிட்டாள். மகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்த அம்மாவின் கையில் அப்பாவின் இன்னொரு தலைத்துணி இருந்தது. மூன்று மாதமாக வேலையில்லாமல் மடித்த மடிப்பிலேயே கிடந்தது. அம்மாவும் கல்யாணமான புதிதில் மண் சுமந்தவள்தான். துணியை உதறி, நீளவாக்கில் முறுக்கி, நாலு விரலில் சுற்றி, நுனியை உள்ளே செருகினாள். பெஞ்சருகில் குனிந்தாள்.

"தலையத் தூக்கு."

மகள் தூக்கினாள். இரும்புத் தலையின் எடைதான் இருந்தது. அம்மா சும்மாட்டை அடியில் தள்ளி, விரலால் நடுவைப் பார்த்துச் சரிசெய்தாள்.

"வை."

வைத்தாள். கையை எடுத்தாள். தலை அசையவில்லை.