அண்ணன் காட்டிய திசை

அட்டையில் சின்ன ராக்கெட் செய்து பறக்கவிடுகிற எங்கள் மன்றத்தில் விதிகள் அதிகம் இல்லை. காய்ந்த புல்லில் தீப்பிடித்தால் அணைக்க வாளியில் தண்ணீர் இருக்க வேண்டும். மேலே விமானமோ பறவைக் கூட்டமோ போனால் பட்டனை அழுத்தக் கூடாது. ராக்கெட்டுக்கு நீலப் பெயிண்ட் அடிக்கக் கூடாது. வானத்தோடு வானமாகப் போய்விட்டால் எவன் தேடுவது?

அப்புறம் கை விதி. ராக்கெட் உச்சிக்குப் போய்க் குடை விரித்து இறங்கும்போது, மைதானத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு பேர் நின்று அதையே கையால் காட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது புதருக்குப் பின்னால் விழுந்து மறைந்த பிறகும் கையை இறக்கக் கூடாது. இரண்டு கைகளும் காட்டும் கோடுகள் சந்திக்கிற இடத்தில் போய்த் தேடினால் கிடைத்துவிடும். எடுத்தவர் திரும்பி வந்து, கை காட்டியவரின் கையைத் தானே பிடித்துக் கீழே இறக்கிவிடுவார். கிடைத்துவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் கைதட்டுவார்கள். முதல் தடவை பார்த்தபோது, வளர்ந்த மனிதர்கள் செய்கிற காரியமா இது என்று வாய்விட்டே சிரித்தேன்.

என்னை இந்தக் கூட்டத்தில் இழுத்துவிட்டவள் என் மகள். நான் நகலெடுக்கும் கடை வைத்திருக்கிறேன். மன்றத்தின் மாதச் செய்திமடலை ஓசியில் அச்சடித்துத் தரச்சொல்லி ஆரம்பித்தாள். கடைசியில் யார் ராக்கெட் எவ்வளவு உயரம் போனது, எது மரத்தில் மாட்டியது என்று எழுதுவதே என் தலையில் விழுந்தது. அவளுக்குப் பெயிண்ட் கம்பெனியில் வேலை. நிறம் கலந்து பார்க்கிற பிரிவு. ஒரே வெள்ளையில் பத்து வெள்ளை இருக்கிறது என்று சண்டை போடுவாள்.

அவள் கடைசியாகச் செய்த ராக்கெட் நீலம். சாதாரண நீலம்கூட இல்லை. மாதக்கணக்கில் கலந்து கலந்து, வெயில் ஏறிய பிறகு வானம் எப்படி வெளுத்திருக்குமோ அந்த நீலத்தைக் கொண்டுவந்திருந்தாள். மன்றத் தலைவர் மருந்துக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இதை மேல விட்டா யாரு கண்ணுக்குத் தெரியும்?"

"என் மாமா கண்ணுக்குத் தெரியும்" என்றாள்.

அவள் மாமா என்றால் என் அண்ணன். கட்டட வேலையில் கிரேன் ஓட்டியவன். அத்தனை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே யார் கையுறை போடவில்லை என்று சொல்லுவான். மன்றத்தில் கை காட்ட அவனை மிஞ்ச ஆளில்லை. மற்றவர்கள் எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடும்போது, அவன் பாட்டுக்கு ஒரு கையால் டீ குடித்துக்கொண்டு மறு கையால் காட்டிக்கொண்டிருப்பான்.

அந்த நீல ராக்கெட் பறப்பதற்குள் மகளுக்கு ரத்தத்தில் நோய் என்றார்கள். ஒரு சிகிச்சைக்கும் அடுத்த சிகிச்சைக்கும் நடுவில் வீட்டுக்கு வந்தபோதுதான் கடைசிப் பூச்சு பூசினாள். காய்வதற்குள் பொறுக்கமாட்டாமல் தொட்டுப் பார்த்ததில், ஒரு இறக்கையில் அவளுடைய கட்டைவிரல் பதிந்துவிட்டது. ரேகையெல்லாம் அப்படியே விழுந்திருந்தது. தேய்த்துவிட்டு மறுபடி பூசட்டுமா என்று கேட்டாள். எனக்கு அன்று என்ன தோன்றியதோ, விட்டுத்தொலை, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று எரிந்து விழுந்தேன். நான் எரிந்து விழுந்து உருப்பட்ட ஒரே காரியம் அதுதான்.

ஆஸ்பத்திரியில், பேச முடிகிற கடைசி நாட்களில் ஒருநாள் சொன்னாள். "மாமா கை காட்டட்டும், நீ தேடிப்போய் எடுத்துட்டு வாம்மா. வேற யாரும் வேண்டாம்."

அவள் போன பிறகு ராக்கெட்டை அலமாரியில் நிற்க வைத்தேன். காலையில் எழுந்ததும் இறக்கையில் அவள் விரல் பதிந்த குழியில் என் கட்டைவிரலை வைப்பேன். அதற்குப் பிறகுதான் பல் தேய்ப்பேன். பைத்தியம் என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அவளுடைய துணிகள் இருக்கின்றன, செருப்பு இருக்கிறது, படங்கள் இருக்கின்றன. அவள் கை பட்ட இடம் என்று விரல் வைக்க எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அண்ணன்தான் தலையைத் தின்றான்.

"பறக்கிறதுக்குன்னு செஞ்சதை நீ பொம்மை மாதிரி நிறுத்தி வச்சிருக்க. அவ என்ன சொன்னா, நீ என்ன செய்யற?"

"காணாம போனா நீ செஞ்சு தருவியா?"

"நான் காட்டறேன். என் கை காட்டி எது காணாம போயிருக்கு?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அவள் பிறந்தநாள் வந்த வாரம் நான் ஒத்துக்கொண்டேன்.

அண்ணன் கொஞ்ச காலமாக வண்டி ஓட்டுவதில்லை. முட்டி வலி என்று சொல்லியிருந்தான். அதற்கும் முன்பே கிரேனை விட்டு இறங்கி, ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மாறியிருந்தான். "மேல ஏறி ஏறி அலுத்துப்போச்சு" என்றான். வயசாகிறது, சரிதான் என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மருந்துக்கடைக்காரரின் காரில்தான் மைதானத்துக்குப் போனோம்.

மைதானம் என்றால் பழைய கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற புல்வெளி. ஓரத்தில் கம்பிவேலி, அதற்கு அப்பால் ஒரு வாய்க்கால், அதற்கும் அப்பால் முட்புதர். எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. அந்த மட்டில் அவர்களுக்குப் புத்தி இருந்தது. அண்ணன் ஒரு மூலையில் போய் நின்றான். இன்னொரு மூலையில் கணக்கு வாத்தியாரம்மா நின்றார்.

தலைவர் எண்ணினார். "அஞ்சு, நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு..." பூஜ்யத்தை மட்டும் பூ...ஜ்யம் என்று அவர் இழுப்பதற்குள் டீயே ஆறிவிடும் என்று மகள் கேலி செய்வாள். மன்றத்தில் அவருக்குப் பெயரே பூஜ்யம்தான். அன்று அவர் இழுக்கவில்லை.

நான் பட்டனை அழுத்தினேன்.

சீறிக்கொண்டு கிளம்பியது. அவ்வளவுதான் நான் பார்த்தது. வெள்ளைப் புகைக்கோடு நேராக ஏறி நின்றுவிட்டது. அதன் நுனியில் எதுவுமே இல்லை. நிறத்தை அவ்வளவு சரியாகக் கலந்திருக்கிறாள் என் பெண். அவளை நினைத்து எனக்குப் பெருமையாகவும் இருந்தது, இதை எப்படித் தேடப்போகிறோம் என்று பயமாகவும் இருந்தது. மேலே எங்கோ டப் என்று சத்தம் கேட்டது. குடை பிரிகிற சத்தம். குடையும் வெள்ளை, அன்று வானத்தில் அங்கங்கே வெள்ளை மேகம்.

"எங்க? எங்க போச்சு?" என்று வாத்தியாரம்மா கத்தினார். அவர் கை அங்குமிங்கும் அலைந்து நின்றுவிட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை.

அண்ணன் கை மட்டும் நீண்டிருந்தது. ஆடாமல், நிதானமாக, மெதுவாகக் கீழே கீழே இறங்கி, கம்பிவேலியின் ஒரு தூணுக்கு நேராக நின்றது.

"போ" என்றான். "இந்த நேர்லதான் இருக்கு."

நான் ஓடினேன். வேலியின் கிழிசலில் குனிந்து நுழைந்தேன். வாய்க்காலில் தண்ணீர் இல்லை, இறங்கி ஏறினேன். திரும்பித் திரும்பி அவன் கையைப் பார்த்து நேரை வைத்துக்கொண்டேன். தூரத்தில் குச்சி மாதிரி அந்தக் கை அப்படியே இருந்தது. ஒவ்வொரு புதராக விலக்கிப் பார்த்தேன். கையெல்லாம் முள் கீறியது. அந்தக் கோட்டைவிட்டு இடப்பக்கம் போனேன், வலப்பக்கம் போனேன். மற்றவர்களும் சிதறித் தேடினார்கள். ஒரு பிளாஸ்டிக் பையைக் குடை என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடிந்ததும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அந்த வரிசைதான். அலமாரியில் நின்றதை எடுக்கவைத்தவன் அவன். என் கை காட்டி எது காணாமல் போயிருக்கிறது என்று மார்தட்டியவன் அவன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடுவதில்லை என்று திரும்பி நடந்தேன். மற்றவர்களும் வெறுங்கையோடு எனக்குப் பின்னால் வந்தார்கள்.

அண்ணன் இன்னும் கையை இறக்கவில்லை. வலி தாங்காமல் இடது கையால் முழங்கைக்கு முட்டுக் கொடுத்திருந்தான். நான் அவன் காட்டிய கோட்டிலேயே, அவன் முகத்துக்கு நேராகவே நடந்து வந்துகொண்டிருந்தேன். அவன் கண்கள் என்மேல்தான் இருந்தன. இன்னும் பத்தடி இருந்தால் அதிகம்.

"யாரு?" என்றான்.

நான் நின்றுவிட்டேன்.

"யாரு வர்றது? கிடைச்சுதா?"

கிரேனை விட்டு இறங்கியது, வண்டியை விட்டது, போன மாதம் என் வீட்டுக்கு வந்தபோது நடுக்கூடத்து ஸ்டூலில் இடித்துக்கொண்டு ஸ்டூலைத் திட்டியது, எல்லாம் ஒன்றாக வந்து என் முன்னால் நின்றன. இவனுக்கு நான் தெரியவில்லை. பகல் வெளிச்சத்தில் பத்தடியில் நிற்கிற தங்கச்சி தெரியவில்லை. அந்த டப் சத்தம் கேட்ட பக்கம் கையை நீட்டியிருக்கிறான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கன்னத்தால் பார்த்துக் கையை இறக்கியிருக்கிறான். மாமா கை காட்டட்டும் என்று அவள் சொல்லிவிட்டுப் போனாளே, அப்புறம் தன் கண் போய்விட்டது என்று அவனால் எப்படிச் சொல்ல முடியும்?

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணா, உனக்கு இப்படி ஆயிடுச்சே என்று அவன் காலைக் கட்டிக்கொண்டு கதற வேண்டும்போல் இருந்தது. ஆனால் அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. யாராவது வந்து அதை இறக்க வேண்டும்.

பக்கத்தில் போனேன். இரண்டு கைகளாலும் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மெதுவாகக் கீழே இறக்கினேன்.

அவன் முகம் கோணிக்கொண்டது. "கிடைச்சுதாடி?"

"ம்."

"என் நேர்லயேவா?"

"உன் நேர்லயேதான். அந்தத் தூணுக்கு நேரா."

"அடி பட்டிருக்கா?"

"ஒரு கீறல்கூட இல்ல."

வெறுங்கையோடு நான் நிற்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர் கைதட்ட ஆரம்பித்தார். வாத்தியாரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தட்டினார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். வளர்ந்த மனிதர்கள், ஒன்றுமில்லாததற்கு.

இனி அண்ணன் கையை நீட்டுவான் என்று காத்திருந்தேன். எந்த ராக்கெட் திரும்பி வந்தாலும் வாங்கி, மூக்கிலிருந்து இறக்கை வரை தடவிப் பார்ப்பது அவன் வழக்கம். காருக்குள் வைத்துவிட்டேன் என்று சொல்லப் பொய்யைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் கேட்கவில்லை. இறங்கிய கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டான். அப்போதுதான், ராக்கெட் கிடைக்கவில்லை என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது அவன் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான், நான் பின்னால். வளைவு ஒன்றில் வண்டி குலுங்கியதும் அவன் தலையைத் திருப்பாமலே சொன்னான்.

"சீட்டுல போட்டுடாத. உருண்டு விழுந்துடும். மடியிலயே வச்சுக்க."

"மடியிலதாண்ணா வச்சிருக்கேன்" என்றேன்.

காலியான மடியை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீடு வரும்வரை என் கட்டைவிரல் அந்தக் குழியைத் தேடிக்கொண்டே வந்தது.