விற்கிறவன் பேசக் கூடாது

படகு விற்கப் போகிறவன் தெம்பாக நடமாட வேண்டும். நீலமேகமோ காலையிலிருந்தே கரையில் கிடந்த சுலுப்பு என்ற அந்தப் பாய்ப்படகைச் சுற்றிச் சுற்றி வந்து, அதன் இடப்பக்கப் பலகைகளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான். தண்ணீரில் இறங்காமல் கிடந்ததில் பங்குனி வெயில் அந்தப் பக்கத்தைக் காய்ச்சி எடுத்திருந்தது. மேல் பலகைகளுக்கு நடுவே நகம் நுழைந்தது.

அது ஹாலந்து தேசத்து உலாந்தாக்காரர் படகு. பழவேற்காட்டுக் கோட்டையிலிருந்த துரை ஒருவர், மனைவியோடு ஏரியில் சுற்றவும் பூநாரை பார்க்கவும் கட்டிக்கொண்டது. ஒற்றைப் பாய்மரம், பெரிய பாய் ஒன்று, முன்பாய் ஒன்று. சுக்கான் பிடிக்க நீலமேகத்தை வைத்துக்கொண்டார். சாவகத் தீவின் பத்தாவிக்கு மாற்றலாகிக் கப்பல் ஏறின அன்று, "நீயே வச்சுக்கோ" என்று படகை அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். துரை கொடுத்ததை வேண்டாமென்று சொல்ல முடியுமா? ஆனால் அதில் வலை போட முடியாது, பூநாரையைப் பார்த்தால் பசியும் ஆறாது.

அதை வாங்க வரதன் முன்வந்தபோது நீலமேகத்துக்கு உயிர் வந்தது. வரதன் ஒன்றுவிட்ட மாமன் முறை, கட்டுமரத்திலேயே காலம் கழித்தவர். துரைமாருடைய கப்பல்களிலிருந்து சரக்கு இறக்கலாம், சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கரையோரமாகவே போய்வரலாம் என்று ஒரு கனவு. பதிலுக்கு அவர் தருவதாகச் சொன்னது ஏரியில் ஒரு பாடு. யார் எந்த நாளில் எங்கே வலை போடலாம் என்று குப்பத்தார் வைத்திருந்த முறைக்குத்தான் பாடு என்று பேர். பாடு உள்ளவன் ஏரியிலேயே பிழைத்துக்கொள்வான். இல்லாதவன் கட்டுமரம் ஏறி, முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குத்தான் போயாக வேண்டும். வரதனுக்கு இரண்டு பாடு. நீலமேகத்துக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பாடு ஏன் அவனுக்கு அத்தனை அவசியம் என்பது அவன் மனைவி தேவகிக்கு மட்டும் தெரியும். போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் முகத்துவாரத்தில் அலை அவன் கட்டுமரத்தைப் புரட்டிப் போட்டது. தம்பி வேணுவின் கையைப் பிடித்திருந்தான், அது நழுவிப் போயிற்று. அன்றிலிருந்து அலைச்சத்தம் கேட்டாலே கை நடுங்கும், காது அடைக்கும். துரைக்குச் சுக்கான் பிடித்ததில் இதுவரை தப்பித்தான். இப்போது துரையும் போய்விட்டார். கடலுக்குப் பயந்தவன் என்று ஒரு கடல்குப்பத்தில் எப்படிச் சொல்வது? பெண்டாட்டி நகை விற்றதைக்கூடச் சொல்லிவிடலாம், இதைச் சொல்ல முடியாது.

"இன்னாய்யா, இன்னும் தடவிக்கினே கீறே?" என்றாள் தேவகி, கஞ்சிக் கலயத்தோடு வந்து.

"காஞ்சி கெடக்குதுடி. கொஞ்ச நாள் ஏரியில ஊற வச்சா பலகை தானா உப்பி மூடிக்கும். மாமா இன்னைக்கே ஓட்டிப் பாக்கணும்ங்கறாரு."

"சொல்லிடு. மறைச்சு வாங்கற பாடு நமக்கு வேணாம்."

"சொல்லத்தான் போறேன். ஏறிட்டா பேச முடியாதே."

அந்தக் குப்பத்தில் படகு கைமாறுவதற்கு ஒரு கட்டு இருந்தது. குறைநிறை எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன்பு, ஊர்த் தலைவரான நாட்டார் காதில் விழும்படி சொல்லிவிட வேண்டும். படகு கரையை விட்டபிறகு விற்கிறவன் பாய்மரத்துக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். ஓட்டுகிறவன் வாங்குகிறவன்தான். ஒரு வார்த்தை வாய்தவறி விழுந்தாலும் வியாபாரம் முறிந்தது, அந்த இருவருக்குள் அது மறுபடி கிடையாது. ஒரு காலத்தில் எவனோ தேனாகப் பேசிப் பேசியே ஓட்டைப் படகைத் தலையில் கட்டியிருப்பான்போல. அவனுக்காக ஊரே வாயைக் கட்டிக்கொண்டது.

நாட்டார் தசரதன் வந்தார். வரதனும் புது வேட்டியில் மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். நீலமேகம் ஒவ்வொன்றாகச் சொன்னான்.

"முழங்கால் தண்ணி போதும் மாமா, ஓடும். அடி தட்டை. அதனால ரெண்டு பக்கமும் துடுப்பு மாதிரி பலகை தொங்குது பாருங்க, காத்து வராத பக்கத்துப் பலகையை எறக்கிடணும். இல்லாட்டி நண்டு மாதிரி பக்கவாட்டுல போவும். பெரிய பாய் முழுசா ஏத்துனா மூக்கைக் காத்துப் பக்கமே திருப்பும், சுக்கானை இழுத்துப் புடிக்கணும். திரும்பறதுல மட்டும் முரண்டு. முன்பாயைத் தளத்தாம புடிச்சிருந்தாத்தான் திரும்பும்."

"சரி, சரி," என்றார் வரதன். அவர் கண் பாயின் மேலேயே இருந்தது.

"அடியில பாரத்துக்குக் கல்லு கீது. எடப்பக்கப் பலகை காஞ்சி கீது. சாஞ்சா தண்ணி வரும். இன்னைக்கு ஏரியைத் தாண்ட வேணாம் மாமா."

"ஏரிதான் மாப்ளே. நாட்டார் மேல ஆணை."

நாட்டார் தலையசைத்தார். மூவரும் ஏறினார்கள். கரை விலகியது. நீலமேகம் வாயை மூடிக்கொண்டான்.

ஏரியில் படகு அழகாகத்தான் ஓடியது. தெற்கிலிருந்து கடல்காற்று இதமாக வந்தது. வரதன் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். "குதிரை நாட்டாரே, குதிரை," என்றார். கட்டுமரத்தில் இந்த வேகத்தை அவர் கண்டதில்லை. வேகம் மனுஷனை என்ன செய்யும் என்று யாருக்குத் தெரியாது? சற்று நேரத்தில் சுலுப்பின் மூக்கு கிழக்கே திரும்பியிருந்தது. எதிரே முகத்துவாரம் வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

நீலமேகம் திரும்பி வரதனைப் பார்த்தான், நாட்டாரைப் பார்த்தான்.

"ஏரின்னுதானே பேச்சு," என்றார் நாட்டார்.

"ஒரு எட்டு வெளிய போய்ட்டு வந்துடலாம். கடலைக் காட்டாம வாங்குனா அது இன்னா படகு?" என்றார் வரதன்.

முதல் அலை மூக்கைத் தூக்கிப் போட்டது. நீலமேகம் பாய்மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். காது அடைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தேவகியை நினைத்தான், பாடு கைக்கு வரப்போவதை நினைத்தான். இதோ தாண்டிவிடும், திரும்பிவிடுவார், கரை வந்துவிடும், வாயை மட்டும் திறக்காதே. இன்னொரு அலை வந்தது. படகு தாண்டி வெளியே வந்துவிட்டது. அங்கே காற்று பலமாக இருந்தது. வலப்பக்கமிருந்து காற்று அழுத்த, சுலுப்பு இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. காய்ந்த பலகைகள் தண்ணீருக்குள் போயின.

முதலில் பாதம் நனைந்தது. பிறகு கணுக்கால்.

நீலமேகம் வரதனின் கால்களைப் பார்த்தான். அவை தண்ணீருக்குள் சுகமாக ஊன்றியிருந்தன. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கட்டுமரத்தில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் வழிந்துபோகும், மரம் முழுகவே முழுகாது. பிறந்ததிலிருந்து ஈரத்தில் நின்றே பழகின அந்தக் கால்களுக்குத் தண்ணீர் ஒரு சேதியே இல்லை. நாட்டாரும் கட்டுமரக்காரர்தான். இரண்டு பேருமே நனைந்துகொண்டு கரையின் அழகைப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தப் படகிலோ உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. அடியில் கல்.

அவன் தண்ணீரைக் காலால் ஓங்கி அடித்துக் காட்டினான். "பாரு, மாப்ளைக்கும் உற்சாகம் வந்துடுச்சு," என்றார் வரதன். சட்டி ஒன்றை எடுத்து இறைக்கலாம் என்று குனிந்தான். படகில் சட்டி இல்லை; ஓட்டிப் பார்க்கிறவன்தான் அதைக் கொண்டுவர வேண்டும். கட்டுமரக்காரன் எதற்குத் தண்ணீர் இறைக்கும் ஏனத்தை எடுத்துவரப் போகிறான்? கையாலேயே வாரி வாரி வெளியே கொட்டினான். அதுவும் அவர்களுக்கு விளையாட்டாகத்தான் தெரிந்தது.

கடைசியில் வரதனே திருப்பப் பார்த்தார். சுக்கானைத் தள்ளிவிட்டு, கட்டுமரப் பழக்கத்தில் இரண்டு பாயையும் தளர்த்திவிட்டார். சுலுப்பு மூக்கைக் காற்றுக்கு நேரே காட்டியது, தயங்கியது, மறுபடி பழைய பக்கமே சாய்ந்து விழுந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. இப்போது வரதனின் முகம் மாறியது. "இன்னா இது, கனமா கீது," என்றார்.

ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தைக்கு விலை அந்தப் பாடு. இன்னொரு தடவை முயன்றால் அவரே திருப்பிவிடுவார், திருப்பிவிடுவார் என்று நீலமேகத்தின் மனசு கெஞ்சியது. அலை ஒன்று விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. நாட்டார் நிலைகுலைந்து கையை நீட்டினார். அந்தக் கையை நீலமேகம் பிடித்தான். ஈரக் கை வழுக்கியது.

"முன்பாயை விடாத மாமா," என்று கத்தினான்.

கத்தின வேகத்திலேயே பின்னால் பாய்ந்து சுக்கானைப் பிடுங்கிக்கொண்டான். "நாட்டாரே, கல்லைத் தூக்கி வெளிய போடு. மாமா, அந்தக் கயித்தை இறுக்கிப் புடி. நான் சொல்ற வரைக்கும் தளத்தாத." நடுங்கின கையோடுதான் சுக்கானைத் தள்ளினான். சுலுப்பு காற்றை நோக்கித் திரும்பியது, தயங்கியது. இறுக்கிப் பிடித்த முன்பாய் காற்றை முகத்தில் வாங்கி மூக்கை அந்தப் பக்கம் தள்ளியது. "இப்ப விடு." பாய் மாறியது. படகு வலப்பக்கம் சாய்ந்தது. காய்ந்த பலகைகள் தண்ணீருக்கு மேலே எழுந்தன, உள்ளே பாய்ந்துகொண்டிருந்த தண்ணீர் நின்றது.

முகத்துவாரத்தில் அலைகள் பின்னாலிருந்து துரத்தின. நீலமேகம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கை விட்டுப் போயிருக்கும். வேணு, வேணு என்று மட்டும் வாய்க்குள் முனகிக்கொண்டே ஒவ்வொரு அலைக்கும் சுக்கானைக் கொடுத்தான். ஏரியின் அமைதியான தண்ணீர் வந்தபோது அவனுக்கு வாந்தி வந்தது. எடுத்தான். கடல்தண்ணீர் குடித்துவிட்டான் என்று மற்ற இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

கரையில் குப்பமே கூடியிருந்தது. நாட்டார் இறங்கியதும், கட்டு கட்டுதான் என்பதுபோல முதலில் அதைச் சொன்னார். "நீலமேகம் பேசிட்டான். வியாபாரம் முறிஞ்சுது." தேவகியின் முகம் கறுத்துப் போனதை நீலமேகம் பார்த்தான்.

வரதன் அவன் தோளைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. "பாடு போனாப் போவுது மாப்ளே. உனக்கு எதுக்குடா ஏரி? பாதி முழுகின படகை அந்த அலையில கொண்டாந்தியே, உன்னை மாதிரி ஒருத்தன் இந்தக் கரையில உண்டா?"

"அதேதான்," என்றார் நாட்டார். "ரெண்டு வருஷமா இவனைத் துரைகிட்ட விட்டு வீணடிச்சுட்டோம். நாளையிலேருந்து முகத்துவாரம் தாண்டறப்ப இவன் மரம்தான் முன்னால. மத்தவங்க இவன் பின்னால வாங்க."

கூட்டம் ஆமாம் போட்டது. நீலமேகம் அவர்கள் முகங்களைப் பார்த்தான். அன்றைக்கு ஒரு தரம் வாய் திறந்தாகிவிட்டது, இனி மூடி என்ன லாபம் என்று தோன்றியது.

"எனக்குக் கடலுன்னா பயம்," என்றான். "அலையைப் பாத்தாலே கை நடுங்குது. என்னால முடியாது நாட்டாரே."

வரதன்தான் முதலில் சிரித்தார். உடனே நாட்டார் சிரித்தார், குப்பமே சிரித்தது. இத்தனை செய்துவிட்டு எப்படி அடக்கமாகப் பேசுகிறான் பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அவன் மறுபடியும் சொன்னான். அவர்கள் இன்னும் சிரித்தார்கள். தேவகி மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் விடிவதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள். "அண்ணே, உனக்காகத்தான் காத்துக்கினு கீறோம்," என்று கூப்பிட்டார்கள். நீலமேகம் எழுந்து அவர்களோடு போனான்.