மாடத்திக்கு வரைந்த முகம்

அருகே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. பின்னால் இருக்கிறவர்களும் முன்னே வாருங்கள், என் குரல் அவ்வளவு தூரம் எட்டாது. இன்றைக்கு ஒரு படக்காரரின் கதை சொல்லப் போகிறேன். கெட்ட மனுஷர் இல்லை. கேட்டவர்களுக்குக் கேட்டபடி வரைந்து கொடுத்தார். அதில்தான் தப்பு வந்தது.

எண்பத்திரண்டாம் வருஷம். ராஜபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் தனுஷ்கோடி கடை வைத்திருந்தார். இறந்தவர்களின் சின்னப் போட்டோவைக் கொடுத்தால் ஆயில் பெயிண்டில் பெரிதாக வரைந்து தருவார். அப்போது வீட்டுக்கு வீடு சிவகாசிக் காலண்டர் தொங்கும். சாமிகளெல்லாம் ரோஸ் நிறத்தில், கன்னம் பளபளக்க, பின்னால் ஒரு குளமும் அன்னமுமாக இருப்பார்கள். தங்கள் வீட்டில் செத்தவர்களையும் ஜனங்கள் அப்படித்தான் கேட்டார்கள். மில்லில் பஞ்சுத் தூசியைத் தின்று இருமியே செத்தவர் படத்தில் பட்டுச் சட்டையும் கைக்கடிகாரமுமாக நிற்பார். கறுப்புப் பெயிண்டைத் தலைமுடிக்கும் புருவத்துக்கும்தான் தனுஷ்கோடி எடுப்பார். தோலுக்கு எடுத்ததே கிடையாது.

பக்கத்துக் கடை டெய்லர் மொக்கைச்சாமி எட்டிப் பார்த்துக் கேலி பேசுவார்.

"ஏலே தனுஷ்கோடி, உன் கடையில செத்தவுகளெல்லாம் ஒரே வயித்துல பொறந்தவுக மாதிரில்லா இருக்காவ!"

"நீ தைக்கிற சட்டையெல்லாம் ஒரே அளவாத்தான் இருக்கு. நான் ஏதாவது கேட்டனா?"

அப்படி இருக்கும்போது ஒரு நாள் சமுத்திரம் வந்தார். மில் தொழிலாளி. இடுப்பில் இரண்டு வயதுப் பெண்குழந்தை, அழகுத்தாய். பெண்டாட்டி மாடத்தி காய்ச்சலில் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனபோது, திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரன் ஒருவன் எடுத்துக் கொடுத்த போட்டோ ஒன்றுதான் அவரிடம் இருந்தது. தீப்பெட்டி அகலம். அதில் மாடத்தி வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல கறுப்பு. கன்னத்தில் அம்மைத் தழும்பு. முன்பல் எடுப்பு. கழுத்தில் மஞ்சள் கயிறு தவிர ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, தழும்பு வேண்டாம். பல்லும் தெரிய வேண்டாம், வாயை மூடிருங்க" என்றார் சமுத்திரம். "காதுல கழுத்துல ஏதாவது போட்டு வைங்க. இருக்கும்போது ஒரு குண்டுமணி தங்கம் வாங்கிக் கொடுக்கலை நான்."

"எல்லாரும் கேக்கதுதானய்யா. போட்டிருவோம்."

தனுஷ்கோடி போட்டோவின் மேலேயே இங்க் பேனாவால் கட்டம் போட்டார். கட்டத்துக்குக் கட்டம் பார்த்துத் துணியில் பெரிதாக்குவது அவருடைய வேலை முறை. கோடு விழுந்த போட்டோவை யாரும் திரும்ப வாங்கிப் போகமாட்டார்கள். செத்தவர் முகத்தைக் கீறியது போலாம், வீட்டில் வைக்கக் கூடாதாம். ஆகவே வேலை முடிந்ததும் பிரஷ் கழுவும் டர்பன்டைன் எண்ணெயைத் துடைத்த துணிகளோடு அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவார். மாடத்தியின் போட்டோவும் அப்படித்தான் போனது.

முடிந்த படத்தைப் பார்த்துச் சமுத்திரம் விம்மி அழுதார். "ராணி மாதிரில்லா இருக்கா!"

பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு தளவாய்புரத்தில் தன் தாய் வீட்டோடு போய்ச் சேர்ந்தார். அங்கே மாடத்தியைப் பார்த்தவர்கள் யாருமில்லை. செண்பகத்தோப்புப் பக்கம் விறகு சுமந்த பெண் அவள், தாய் தகப்பன் இல்லாதவள். வீட்டாரை மீறிக் கட்டினதால் சமுத்திரம் அவளை ஒரு நாளும் ஊருக்குக் கூட்டி வந்ததில்லை. அந்த ஊருக்கு மாடத்தி என்றால் சுவரில் இருக்கிற ரோஸ் முகம்தான்.

அழகுத்தாய் கறுப்பாக, எடுப்புப் பல்லோடு வளர்ந்தாள். குழாயடியில் நிற்கும் பெண்கள் சும்மா விடுவார்களா?

"ஆத்தா கிளி மாதிரி இருக்கா. நீ எங்க இருந்துட்டி வந்தே?"

சிரித்தாலும் பேசினாலும் கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகினாள் அந்தப் பிள்ளை.

பதினெட்டு வயதில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் பிச்சையம்மாள் படத்தை ஒரு தரம் பார்த்தார், பெண்ணை ஒரு தரம் பார்த்தார், காபியைக் கீழே வைத்தார்.

"இவியதான் பெத்த தாயா?"

"ஆமா" என்றார் சமுத்திரம்.

"பெத்ததா, எடுத்து வளத்ததா? எதுன்னாலும் இப்பமே சொல்லிருங்க. பொறவு பேச்சு வரப்படாது."

சமுத்திரம் வேறு காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போனார். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள்.

அழகுத்தாய் தகப்பனாரிடம் கேட்டாள்.

"அப்பா, எங்கம்மா நெசமாவே இப்படித்தான் இருந்தாளா?"

சமுத்திரம் கண்ணை மூடித் திறந்தார்.

"கண்ணை மூடினா இந்தப் படம்தாம்மா வருது. எம்புட்டு யோசிச்சாலும் அதுக்கு முந்தின முகம் வரமாட்டேங்கு."

மறுநாள் காலையில் அவள் படத்தைக் கழற்றினாள். கீழ் மூலையில் 'தனுஷ்கோடி, ராஜபாளையம்' என்று எழுதியிருந்தது. துண்டில் சுற்றிக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினாள். அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குக் கடையை மாற்றிவிட்டார் என்று மொக்கைச்சாமி சொல்ல, அங்கேயும் போனாள்.

அதற்குள் காலம் மாறியிருந்தது. கல்யாண வீடுகளில் கலர் போட்டோ ஆல்பம் வந்துவிட்டது. டிவியில் பலவிதமான முகங்களைப் பார்த்துப் பழகிய ஜனங்கள், "ஆளை அப்படியே கொண்டு வாங்க" என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அறுபதை நெருங்கும் வயதில் தனுஷ்கோடியும் தோல் சுருக்கமும் நரையும் வரையப் பழகியிருந்தார். அன்றைக்கு அவர் ஒரு ஆச்சியின் மூக்கோரத்து மருவைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அழகுத்தாய் படத்தைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தாள். வீட்டில் நடந்ததைச் சொன்னாள்.

"மாமா, இந்த ஆச்சிக்கு மருவெல்லாம் போடுதீயளே?"

"அவிய மகன் கேட்டாரு தாயி. மரு இல்லாட்டி எங்க அம்மாவே இல்லைன்னாரு."

"எங்கம்மாவுக்கு என்ன இருந்துச்சு?"

பிரஷ் அவர் கையில் அப்படியே நின்றது. பழைய படத்தைப் பார்த்தார், ஒன்றும் பிடிபடவில்லை. அவர் வரைந்த நூற்றுக்கணக்கான படங்களில் அதுவும் ஒன்று. மகள் முகத்திலாவது ஏதாவது கிடைக்குமா என்று ஏறிட்டுப் பார்த்தார்.

"வாயில இருந்து கையை எடு தாயி" என்றார்.

அவள் எடுத்தாள். அந்தப் பல்லைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"இந்தப் பல்லைத்தான் நான் மூடினேன். இதே பல்லு! தேர் அன்னைக்கு எடுத்த போட்டோ. சிரிச்சுக்கிட்டு இருந்தாவ. கன்னத்துல அம்மைத் தழும்பு. உன் நிறந்தான், கூட ஒரு சாயல் கறுப்பு. இந்த நகையெல்லாம் நான் போட்டது."

"அந்தப் போட்டோ எங்க மாமா?"

"குப்பையில போட்டுட்டேன்."

அவர் அவசரமாக ஒரு அட்டையை எடுத்துப் பென்சிலால் கோடு இழுத்தார். நெற்றி வந்தது, சிரிக்கிற வாய் வந்தது, கண் வந்தது. சட்டென்று நிறுத்திவிட்டார்.

"இது நீ. உன்னைப் பார்த்துத்தான் வரையுதேன். அவிய கண்ணு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலை தாயி. ரெண்டாந் தடவையும் பொய்யா வரைஞ்சு தரமாட்டேன்."

"சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாளா?"

"வாய்விட்டு."

மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே வந்து சொல்வதாகச் சொன்னார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"அவியகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம் மாமா. நான் தெரிஞ்சுக்கிட்டேன்ல, போதும்."

"அப்ப இந்தப் படத்தையாவது இங்க போட்டுட்டுப் போ. இதைப் பார்க்க எனக்கே கூசுது."

"அது எப்படி? அப்பா இதைப் பார்த்துக்கிட்டுத்தான் சாப்பிடுதாரு. இதையும் எடுத்துட்டா அவருக்கு யாரு இருக்கா?"

தனுஷ்கோடியே படத்தைத் துண்டில் சுற்றி, சணல் கயிறு போட்டுக் கட்டி, பஸ் ஸ்டாண்டு வரை தூக்கி வந்தார். பிச்சையம்மாள் வீட்டுச் சம்பந்தம் அப்புறமும் கூடிவரவில்லை, அது கிடக்கட்டும். பஸ் போன பிறகும் அவர் அங்கேயே நின்றார். ராஜபாளையத்தைச் சுற்றி எத்தனை வீட்டுச் சுவரில் எத்தனை வாயை மூடி வைத்திருக்கிறோமோ என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.

என் கண்ணுகளா, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தங்கள் ஜாடையை யாரிடமாவது கண்டு சந்தோஷப்படட்டும். உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறவர்கள் சொந்த நிறத்தில், சொந்தப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கட்டும். அடுப்பு அணையாமல், ஆள் குறையாமல் நன்றாக இருங்கள்.